முதல் நூறு கிலோமீட்டர்

"பொண்ணு வீட்டுக்குச் சீர் பேசப் போற அன்னிக்குப் போய் எவனாவது புது சைலன்ஸர் மாட்டுவானா?"

மெக்கானிக் ஒடிண்டோ தலையில் அடித்துக்கொண்டான்.

கிதாய்கா தன் காருக்கு மாட்டியிருந்தான். மூன்று தெரு தள்ளித் தூங்கும் குழந்தையும் வீறிட்டு எழும், அப்பேர்ப்பட்ட சைலன்ஸர். கூடவே புது ஏர் ஃபில்டர். இப்போது வண்டி திக்கித் திணறியது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணைய மாட்டேன் என்றது.

கல்யாணப் பெண் நியாகுத்தியின் அப்பா முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர். "அந்தப் பையன் ரோட்டுல பறக்கிறானாமே? நேர்ல பார்த்துட்டுத்தான் சம்மதம் சொல்வேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

ஒடிண்டோ பாட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு அரைமணி நேரம் நிதானமாக டீ குடித்தான். பிறகு மாட்டினான்.

"வண்டியோட கம்ப்யூட்டர் பழசையெல்லாம் மறந்துடுச்சு. கடிகாரமும் மறந்திருக்கும், திருத்திக்கோ. இனி எல்லாம் புதுசா கத்துக்கும். முதல் நூறு கிலோமீட்டர் பூ மாதிரி மிதி. அழுத்தினே, பொண்ணு ஊருக்குப் போற முராங்கா மேட்டுல படுத்துடும்."

"நானா? பூ மாதிரியா?"

"உன் கல்யாணம், உன் இஷ்டம்."

நைரோபியே பார்க்க, திக்கா ரோட்டில் நாற்பதில் ஊர்ந்தான் கிதாய்கா. ஒரு மினிபஸ் கண்டக்டர் வெளியே தொங்கியபடி, "அண்ணே, இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். முட்டைத் தட்டு ஏற்றிய மோட்டார் பைக்கும் முந்தியது.

பக்கத்து சீட்டில் நண்பன் முச்சோகி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். "தெரிஞ்சவன் எவனாவது பார்த்தா, நான் உன்கூட வரலைன்னு சொல்லிடு."

மராகுவா ஊரைத் தாண்டியதும் ஒரு பழைய பிக்கப் பின்னாலேயே வந்தது. முந்தவே இல்லை.

"அவன் வண்டியும் இன்னிக்குத்தான் எல்லாத்தையும் மறந்திருக்கு போல" என்றான் முச்சோகி.

போய்ச் சேர்வதற்குள் கிதாய்காவின் சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். தாமதத்துக்கு அபராதம் ஒரு பெட்டி சோடா என்று கேட்டை மறித்துப் பாடினார்கள் பெண் வீட்டுப் பெண்கள்.

பின்னால் வந்த பிக்கப்பும் நின்றது. இறங்கியவர் நியாகுத்தியின் அப்பா!

அவர் நேராக வந்து, ஜன்னல் வழியே வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மராகுவாவிலேர்ந்து உன் பின்னாடிதான் வர்றேன் தம்பி. ஆட்டுக்கு வழி விட்டே. பள்ளத்துல அலுங்காம இறக்கினே. நாற்பதைத் தாண்டலை. எப்பவும் இப்படித்தானா?"

முச்சோகிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"எப்பவும் இப்படித்தாங்க" என்றான் கிதாய்கா, கொஞ்சங்கூடக் கூசாமல். அதோடு விட்டானா? "இந்தக் காலத்துப் பசங்களுக்குத்தான் பொறுமையே கிடையாது!" என்றான்.

"எனக்குச் சம்மதம்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் பெரியவர். பெண்கள் குலவையிட்டார்கள். கிதாய்காவுக்குக் காலர் தானாகத் தூக்கிக்கொண்டது. அவன் சொன்னதை இப்போது அவனே நம்ப ஆரம்பித்திருந்தான்.

கூட்டம் உள்ளே போனதும் பெரியவர் அவனை மட்டும் தனியே இழுத்தார்.

"மாப்பிள்ளை, மணி என்ன?"

"ஒண்ணரைங்க."

"உன் வண்டிக் கடிகாரம் மூணரைங்குதே? பாட்டரி ஒயரைக் கழட்டினியா?"

திருத்த மறந்த கடிகாரம்! கல்யாணம் போச்சு என்றே நினைத்தான் கிதாய்கா.

"மாமா... அது வந்து..."

"ஷ்ஷ், மெதுவா. அவங்களுக்குக் கேட்டுடப் போகுது." அவன் தோளில் கையைப் போட்டார். "நானும் என் மாமனார் வீட்டுக்கு இப்படித்தான் ஊர்ந்து போனேன். என் வண்டியில கம்ப்யூட்டர் ஏது? பிரேக் பிடிக்கலை. மனுஷன் ஊர் முன்னாடி என்னைப் புகழ்ந்துட்டார். நானும், எப்பவும் இப்படித்தான்னு ஒரே போடா போட்டுட்டேன்."

"அப்புறம் மாமா?"

"அப்புறம் என்ன? நாற்பது வருஷமா அப்படியே ஓட்டிக்கிட்டிருக்கேன்."