அழணும் சாமி

பிள்ளைக்குக் காது குத்தும்போது அது அழாமல் இருக்க வேண்டும் என்றுதான் எந்தத் தாயும் சாமியிடம் கேட்பாள். பாண்டிச்செல்வியோ, தன் மகள் அழ வேண்டும் என்று எழுமலைக் கருப்பசாமியிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

அதுவும் சும்மா அழுதால் போதாது. தன்னைத் தேடி அழ வேண்டும்.

மகள் பவதாரிணிக்கு மூன்றரை வயது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, தாய்மாமன் அருண்பாண்டியின் மடியில் மகாராணி கணக்காக உட்கார்ந்திருந்தாள். மொட்டை போடும்போதும் அழவில்லை. கத்தி வைத்தவரைப் பார்த்துச் சிரித்தாள்.

யார் கை நீட்டினாலும் போவாள். வில்லாபுரத்திலிருந்து வேனில் வந்த வழியெல்லாம் மடி மாறி மடி மாறித்தான் வந்தாள். போன மாதம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், பாண்டிச்செல்வி பூ வாங்கத் திரும்பிய நேரத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பிடித்தால், இவளைப் பார்த்தும் அதே சிரிப்பு.

விழுந்தாலும் அழமாட்டாள். முட்டியைத் தானே தட்டிவிட்டுக்கொண்டு எழுந்திருப்பாள்.

கொடுத்து வைத்தவள் நீ, இப்படிச் சமத்துப் பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்பார்கள் பார்ப்பவர்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் பாண்டிச்செல்விக்கு நெஞ்சில் சுருக்கென்று தைக்கும். நான் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்றா இவளுக்கு?

ஆசாரி ஊசியை எடுத்தார். பக்கத்திலேயே நின்று பார்க்கலாம் என்றிருந்தாள். அதற்கும் வேட்டு வைத்தாள் நாத்தனார் தங்கப்பொண்ணு.

"பெத்த மனசு தாங்காது மதினி. நீங்க அங்கிட்டுப் போயி நில்லுங்க."

அந்தக் குடும்பத்தில் அது வழக்கம். காது குத்தி முடிகிற வரைக்கும் தாய் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. தாய்மாமன் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கும் ஃபிளெக்ஸுக்குப் பின்னால் போய் நின்றாள். காற்று போக அதில் கிழித்துவிட்டிருந்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்தாள்.

ஊசி இறங்கியது.

பவதாரிணி உதட்டைக் கடித்தாள். கண் நிறைந்தது. சத்தம் இல்லை.

போச்சு, என்று நினைத்தாள் பாண்டிச்செல்வி.

அப்போது அந்தச் சின்னத் தலை திரும்பியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பந்தலில் அத்தனை முகமும் இருந்தது. தேடிய முகம் மட்டும் இல்லை.

அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு அலறல், பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். தங்கப்பொண்ணு கை நீட்டினாள், பிள்ளை தட்டிவிட்டது. யாரோ கொடுத்த வாழைப்பழம் பறந்தது. மாமன் செல்போனைக் காட்டினான், அதுவும் பறந்தது. மாமன் கன்னத்தில் நகம் பதிந்ததுதான் மிச்சம்.

வழக்கமாவது ஒன்றாவது! ஃபிளெக்ஸை விலக்கிக்கொண்டு பாண்டிச்செல்வி ஓடினாள்.

பாய்ந்து இடுப்பில் ஏறிய பிள்ளை, அவள் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தது.

"எங்க போன நீ?"

அடி வாங்கியவளுக்கு முகமெல்லாம் பல். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. இதென்னடா கூத்து என்று கூட்டம் வேடிக்கை பார்த்தது.

இன்னொரு காது பாக்கி இருந்தது. பிள்ளையோ இடுப்பை விட்டு இறங்குவேனா என்றது. கடைசியில், பிள்ளை தாய் மடியில், பிள்ளையின் ஒரு கால் மட்டும் மாமன் மடியில் என்று சமாதானம் ஆனது. முறைக்கு அது போதும் என்றார் ஆசாரி. அவர் உசிலம்பட்டிக்காரர். இவர்கள் வீட்டுக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

"பெறந்ததுலேருந்து கைய விட்டு எறக்குனதே இல்ல போலயே தாயி?"



போன தையில்தான் பாண்டிச்செல்வியும் அவள் புருஷனும் அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்து வந்தார்கள். அதுவரை பவதாரிணி வளர்ந்தது ஒரு குழந்தைகள் இல்லத்தில். அங்கே தூக்கியவர்கள் எத்தனையோ பேர். வேலை நேரம் முடிந்ததும் இறக்கிவிட்டுப் போனவர்களும் அத்தனை பேர். யாரையும் தேடாத பிள்ளை, உங்களுக்குத் தொந்தரவே இருக்காது என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள்.

பாண்டிச்செல்வி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாண்ணே," என்றாள். "எறக்குனதே இல்ல."