தள்ளி ஒக்காருங்க!

"ஏம்மா, இது வீடா, சந்தைக்கடையா?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஞானமணி டீச்சருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

வராதா பின்னே? மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் நடத்துகிற வீட்டுவழிக் கல்வியில் நிலவழகனைச் சேர்க்கலாம் என்று, கொளுத்துகிற வெயிலில் மணமேல்குடிக் கடலோரம் வரை ஸ்கூட்டியில் வந்திருக்கிறார். பையனுக்குக் கால் நிற்காது. மூணாங்கிளாஸ் வரைக்கும் அவன் அம்மா செவந்தி இடுப்பில் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். பையன் வளர்ந்துவிட்டான், இனி அவளால் ஆகாது. சக்கர நாற்காலியோ அந்த மணலில் புதைந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. சேர்த்துவிட்டால் வாராவாரம் டீச்சரே வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுப்பார். ஆனால் அதற்கு முன்னால், வீடு படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பார்த்தார். தலை சுற்றியது.

மூலையில் மைக்செட் ஆத்மநாதன் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்!" என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். நடுக்கூடத்தில் ஒரு நீள பெஞ்சு. அடைக்கலமேரியும் தெருப் பெண்கள் நாலு பேரும் மடியில் சட்டியை வைத்து இறால் உரித்தபடி, நண்டுக் குழம்புக்குத் தேங்காய் அரைத்து ஊற்றலாமா கூடாதா என்று குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடம் அத்தனை பெரிசாகக் காலியாகக் கிடக்க, எல்லாரும் அந்த ஒரே பெஞ்சில்! நடுவில் நசுங்கிக்கொண்டு நிலவழகன்.

"யக்கா, முழங்கை இடிக்குது! தள்ளி ஒக்காருங்க!"

"நீ தள்றா! பெஞ்சு என்ன ஒன் தாத்தா சொத்தா?" என்றாள் மேரி.

பையன் கெக்கெக்கே என்று சிரித்தான்.

திடீரென்று ஆத்மநாதன் ஒரு தட்டைக் கரண்டியால் டங் டங் என்று தட்டினான். அவ்வளவுதான்! பெண்கள் எல்லாரும் "ஹே!" என்று கூவிக்கொண்டு வெளியே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி டங் டங். இடித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி அதே பெஞ்சு.

கடவுளே, தெருவுக்கே கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டார் டீச்சர்.

"ஏம்மா செவந்தி, இவங்களுக்கு வீட்ட வாடகைக்கு விட்டிருக்கியா? நாலு காசுக்காகப் புள்ளை படிப்பக் கெடுப்பியா?"

"வாடகையெல்லாம் இல்லீங்க டீச்சர்..." மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிச்சத்தை முழுங்கிக்கொண்டாள் செவந்தி.

"அப்ப இன்னும் மோசம். வீடு அமைதியா இருந்தாத்தான் பேரச் சேப்பேன். இல்லேன்னா இப்பவே கெளம்பிருவேன்."

செவந்தியின் முகம் சுருங்கிப்போனது. டீச்சர் அதற்கெல்லாம் அசரவில்லை. "எல்லாரும் வெளிய! ம், கெளம்புங்க!" என்று கோழி விரட்டுகிற மாதிரி விரட்டினார். இறால் சட்டி போனது, மைக்கும் போனது, கடைசியாக நண்டுக் குழம்புச் சண்டையும் போனது.

அப்பாடா!

"இப்ப இந்தப் பாடத்த வாசி தம்பி, பாப்போம்."

பையன் வாயைத் திறக்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காலிப் பெஞ்சையே பார்த்தான். டீச்சர் கெஞ்சினார், கொஞ்சினார். ம்ஹூம்.

செவந்தி அவரை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், மெதுவாகச் சொன்னாள்.

"பள்ளிக்கூடம் நின்ன நாள்லேர்ந்து செவுத்தப் பாத்துப் படுத்துட்டான் டீச்சர். சோறு எறங்கல. என்னடான்னு கேட்டா, 'வீட்டுல சத்தமே இல்லம்மா'ங்குறான். மேரிகிட்டச் சொல்லி அழுதேன். மறுநாளே பெஞ்சோட வந்து எறங்குனா. நம்ம ஆத்மநாதனுக்கு மெயின் ரோட்டுல ஃபேன் போட்ட கடை இருக்குங்க. அதப் பூட்டிப்புட்டு இங்கிட்டு வந்து பள்ளிக்கூட பெல்லு அடிக்குது அந்தத் தம்பி. இவனுக்காகத்தான் வாராங்கன்னு தெரிஞ்சா புள்ளை மனசு ஒடிஞ்சிரும்ல? அதான் 'எங்க வீட்டுல கரண்டு இல்ல, காத்து இல்ல'ன்னு ஆளுக்கொரு பொய்யி. அவன்கிட்ட சொல்லிராதீங்க டீச்சர், புண்ணியமாப் போவும்."

டீச்சருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தையல்லவா வெளியே துரத்தியிருக்கிறார்!

விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தார். தட்டை எடுத்தார். டங் டங் டங்!

வாசலிலேயே காத்துக்கிடந்த கூட்டம் "ஹே!" என்று பாய்ந்து வந்தது.

"எங்க வீட்டுல கரண்டு போயிருச்சுங்க டீச்சர். அதான் மறுபடி..." என்று இழுத்தான் ஆத்மநாதன்.

"போவும், போவும். நாளைக்கும் போவும். வாங்க!" என்ற டீச்சர், செவந்தி பக்கம் திரும்பினார். "பேரச் சேத்தாச்சும்மா. வியாழக்கெழம வாரேன்."

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். டீச்சரும் சேலையை இடுக்கிக்கொண்டு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார். மைக் அலறியது. தேங்காய்ச் சண்டை விட்ட இடத்தில் தொடங்கியது. அந்த அமளியில் நிலவழகன் புத்தகத்தை விரித்து, அத்தனை பேர் குரலுக்கும் மேலே, ஒரு எழுத்து பிசகாமல் வாசித்து முடித்தான்.

பிறகு பக்கத்தில் இருந்த டீச்சரின் காதருகே சாய்ந்தான்.

"டீச்சர், ஒரு ரகசியம். ஒரே தெரு, எங்க வீட்டுக்கு மட்டுமா கரண்டு வரும்? எனக்காகத்தான் வாராங்கன்னு எனக்கு மொத நாளே தெரியும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. பாவம், எம்புட்டு சந்தோசமா என்னைய ஏமாத்திக்கிட்டு இருக்காங்க!"