பிடித்துத் தைத்த ரவிக்கை

“இதுவும் தொளதொளன்னு ஆயிடுச்சுடி,” என்று மாமியார் ரவிக்கையை நீட்டினாள். “போன மாசம்தானே பிடிச்சுத் தைச்சுக் குடுத்தே?”

“உடம்பு இளைச்சா துணி என்ன பண்ணும் அத்தை? குடுங்க, இன்னும் கொஞ்சம் பிடிச்சுத் தரேன்,” என்றாள் மருமகள். கிழிசல் தைப்பது, பழைய புடவையைத் திரைச்சீலையாக்குவது எல்லாம் அவளுக்கு வீட்டு மெஷினிலேயே முடிந்துவிடும்.

“டாக்டர் ஒண்ணுமில்லேங்கறாரே.”

“உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறாரோ என்னவோ.”

வந்த நாளிலிருந்து மருமகளைப் ‘பீப்பாய்’ என்றே கூப்பிட்ட வாய், இப்போது சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. அன்று சாயங்காலம் மாமியார் பீரோ சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“நான் இன்னும் எத்தனை நாளைக்கோ. இனிமே நீயே பார்த்துக்க.”

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ரவிக்கையை உள்பக்கம் திருப்பி, ஓரத் தையலைப் பிரித்து, மடிப்பில் மிச்சமிருந்த துணியையும் விட்டு, முன்னைவிடப் பெரிதாகத் தைத்தாள். மாதாமாதம் அவள் ‘பிடித்துத் தைத்த’ லட்சணம் இதுதான்.

சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது கணவன் உள்ளே வந்தான். கையிலிருந்த சட்டைகளை மெஷின் மேல் போட்டான்.

“அம்மாவோடது முடிஞ்சதும் இதையும் பிடிச்சுக் குடு. எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு.”

அவள் ஒரு சட்டையை அவசரமாகத் திருப்பிப் பார்த்தாள். கடைத் தையல் அப்படியே இருந்தது.

அவன் சட்டைகளில் அவள் கை வைத்ததே இல்லை.