அரங்கம் சொல்லும் பெயர்

பந்து வலைக்குள் கிடந்தது.

அடித்தவன் அவன்தான். அதை அவனே நம்புவதற்குள் நான்கு பேர் மேலே விழுந்துவிட்டார்கள். வாய் நிறையப் புல்.

ஜெர்மனியின் முதல்தரக் கால்பந்துத் தொடரான பூண்டஸ்லீகாவில் அவனுடைய முதல் கோல். அதுவும் சொந்த மைதானத்தில்.

எழுந்ததும் அப்பாவைத்தான் தேடினான்.

ஆட்டக்காரர்களின் குடும்பங்களுக்கு ஒதுக்கிய வரிசையில், மனைவி ஹன்னாவின் தகப்பனுக்குப் பக்கத்துக் கதிரையில், கம்பளித் தொப்பியோடு இருப்பார். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனுஷன். இன்றைக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

இப்போது சொல்லாதே, கொஞ்சம் பொறு என்று அறிவிப்பாளரை மனதுக்குள் கெஞ்சினான். கோல் அடித்தவன் இப்படிக் கெஞ்சி யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஜெர்மன் மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த அணி கோல் போட்டால் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் ஆட்டக்காரனின் முதற்பெயரை மட்டும் சொல்வார். குடும்பப் பெயரைச் சனம் சொல்லும். ஒரே குரலில், மூன்று தரம்.

அப்பாவுக்கு அந்த வழக்கத்தில் உயிர்.

"உன்ர பேரை அந்த ஒரு ஆள்தான் சொல்லுவான். என்ர பேரை முழு ஸ்டேடியமும் சொல்லும், இருந்து பார்."

பயிற்சிக்குக் காரில் கூட்டிப்போகும் போதெல்லாம் இந்தப் பகிடி. இரவு வேலை முடிந்து வந்த கண்ணோடு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் வீட்டில் அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயர். தர்மகுலசிங்கம்.

அந்தப் பெயரை முழுதாகச் சொல்ல இந்த நாட்டில் ஆளில்லை. அம்மாவுக்கு அவர் "இஞ்சாருங்கோ". வேலைத்தலத்தில் "சிங்". பெற்ற பிள்ளை தகப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவானா?

பதினான்கு வயதில் ஓர் ஆட்டம். அணிப் பட்டியலை முழுப் பெயரோடு வாசித்த அறிவிப்பாளர் "தர்ம" வரை வந்து நின்றுவிட்டார். திரும்பவும் முயன்றார். பிறகு மைக்கிலேயே சிரித்தார். சனம் சிரித்தது.

அவனும் சேர்ந்து சிரித்தான்.

கம்பிவேலிக்கு அப்பால் அப்பாவும் சிரித்தார்.

போன கோடையில் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் அதிகாரிப் பெண் கேட்டாள், இனி இரண்டு பேருக்கும் யாருடைய குடும்பப் பெயர் என்று.

ஹன்னா அவனுடையதை எடுக்கத்தான் இருந்தாள். ஒரு கிழமையாகக் குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று சொல்லிப் பழகினாள். நாக்குப் புரளும். சிரிப்பாள். விடாமல் மறுபடி தொடங்குவாள்.

அவள் வாயைத் திறக்கும் முன் அவன் முந்திக்கொண்டான்.

கெல்லர் என்றான்.

அவளுடைய குடும்பப் பெயர், அவள் தகப்பனுடையது. சின்னப் பெயர். வர்ணனையாளர்களுக்கு லேசு, ஜெர்சியில் அடங்கும் என்று பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னான். ஜெர்மனியில் ஆண்கள் மனைவி பெயரை எடுப்பதுண்டு, அதனால் யாரும் துருவிக் கேட்கவில்லை.

அன்று மைக்கில் கேட்ட அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்க அவனுக்குப் பயம். அதை ஹன்னாவிடம்கூடச் சொல்லவில்லை.

பதிவு அலுவலகத்தில் அன்று கடைசி வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. காதில் விழுந்தது. எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினார்.

அந்தப் பகிடியை அதற்குப் பிறகு அவர் சொன்னதேயில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"நிரோஜன்...!"

"கெல்லர்!"

ஐம்பதாயிரம் பேர். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இந்தச் சத்தத்துக்காகத்தான் சின்ன வயதிலிருந்து மழையிலும் பனியிலும் ஓடினான். இப்போது காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கையைத் தூக்கு என்று யாரோ தோளை உலுக்கினார்கள். தூக்கினான். தன்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

"நிரோஜன்...!"

"கெல்லர்!"

அந்த வரிசை முழுவதும் எழுந்து நின்றது. தொப்பியைக் காணவில்லை. அப்பா மட்டும் எழும்பாமல் இருக்கிறாராக்கும் என்று நினைத்தான். இருக்கட்டும். அதுதான் நியாயம். ஒரு நாள் கூப்பிட்டு வைத்து நன்றாக ஏசினால் இன்னும் நல்லது.

பிறகு கண்டான்.

எழும்பித்தான் நின்றார். முன்னால் நின்ற உயரமான ஆளை விலத்திக்கொண்டு, தடுப்புக் கம்பி வரை வந்துவிட்டார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்திருந்தார்.

"நிரோஜன்...!"

அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்க வழியில்லை. வாய் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, கெல்லர் என்று கத்தினார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினான். கூச்ச சுபாவம் என்று வர்ணனையாளர் சொல்லியிருப்பார்.

ஆட்டம் முடிந்து, குடும்பங்கள் காத்திருக்கும் அறைக்குப் போனபோது அப்பா வந்து கட்டிப்பிடித்தார். பேச முயன்றார். காற்றுத்தான் வந்தது. செருமிக்கொண்டார்.

"தொண்டை கட்டிப் போச்சு, தம்பி. மூண்டு தரமும் கத்தினனான். ஒண்டையும் விடேல்லை."

மன்னியுங்கோ அப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"தண்ணி குடியுங்கோ, அப்பா" என்றுதான் வந்தது.

போத்தலை வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பிறகு ஜன்னலோரம் நின்ற ஹன்னாவின் தகப்பனிடம் போனார். அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, வராத குரலில், வாழ்த்துச் சொன்னார்.