ஒட்டு

கடும் சூடான வாயுக்களைப் பிரிக்கும் பீங்கான் குழாயை, எஃகுக் குழலோடு கண்ணாடிக் குழம்பால் ஒட்டி உலையில் சுட்டெடுப்பது நப்பின்னையின் வேலை. சோப்புத் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்தினால் ஒட்டில் ஒரு குமிழிகூட வரக் கூடாது. வந்தால், அந்த ஆய்வகத்தின் தலைவனான அவள் கணவன் இளமாறன் அதே குழாயால் அவள் விரல் முட்டிகளில் அடிப்பான். அடிக்கும்போது ஒட்டுதான் முதலில் விட்டுத் தெறிக்கும்.

இன்று குமிழியே வரவில்லை.

“பாத்தியாடி? கையில நாலு விழுந்தாத்தான் உனக்கு வேல ஒழுங்கா வருது” என்று சிரித்தபடி அவன் தொட்டியின் மேல் குனிந்தான். காலையில் அவள் இஸ்திரி போட்ட காலருக்கு மேல் பிடரி தெரிந்தது. எஃகு முனையை இரு கைகளாலும் பிடித்துக் குழாயை வெளியே எடுத்தாள். வீங்கிய விரல்கள் நன்றாகவே மடங்கின. ஓங்கி அடித்தாள்.

ஒட்டு விடவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடியும் ஓங்கினாள்.