அசலுக்குச் சிவப்பு விளக்கு

பாதுகாப்புக் கணினிகளைச் சோதிப்பது என் வேலை. அவற்றின் தொடக்க நிரலில் யாராவது கைவைத்திருந்தால் கணினி கிளம்பாது, சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கையும் நம்பிவிடக் கூடாதே. அதனால் தினமும் காலையில், நானே ஒரேயோர் எண்ணை மாற்றிவைத்த போலி நிரலை முதலில் போட்டுப் பார்ப்பேன். பதினொரு வருஷமாகச் சிவப்புதான்.

இன்று பச்சை எரிந்தது. அசலைப் போட்டேன். சிவப்பு.

"மாத்திப் போட்டிருப்பீங்கண்ணா," என்றாள் பக்கத்து மேசைப் பெண். அவளே நான்கு கணினிகளில் போட்டுப் பார்த்தாள். போலி கிளம்பியது, அசல் கிளம்பவில்லை.

மத்தியானம் வரை அதோடு மல்லுக்கட்டினேன். உள்ளே மொபைலுக்கு அனுமதி இல்லை. சுவரிலிருந்த போனில் வீட்டை அழைத்தேன்.

"நான்தான். சாப்பிட வர லேட்டாகும்."

"யாருங்க நீங்க?" என்றாள் மனைவி. "எங்க வீட்டுக்காரர் இப்பதான் சாப்பிட உக்காந்திருக்காரு."

அவளுக்குப் பின்னாலிருந்து என் குரல் கேட்டது.

"போன்ல யாரு, கண்ணு?"

இத்தனை வருஷத்தில் நான் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.