முதலாளியின் எடை

முதலாளி தராசில் ஏற மறுத்தது.

முதலாளி என்பது நாயின் பெயர். கணக்கு வாத்தியார் வீட்டில் அது வைத்ததுதான் சட்டம். வீட்டில் இருப்பதே அவரும் அதுவும்தான்.

அவர் பின்னாலிருந்து தள்ளினார். நான் முன்னாலிருந்து பிஸ்கட்டைக் காட்டினேன். அது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டது.

செல்லப்பிராணிகளுக்கான மருந்துக்கடையில் பதினோரு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் பிறவிக்குணம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் பாதி, பயம் பாதி. இதன் மூட்டு வலிக்கு மாத்திரை சொன்னது டாக்டர் இல்லை. நானாக எடுத்துக் கொடுத்தது.

நாயின் மூட்டு மாத்திரைக்கு எடைதான் அளவு. ஒவ்வொரு மாதமும் எடையைக் கேட்டு, அட்டையில் குறித்துக்கொண்டுதான் கொடுப்போம்.

முதல் மாதம் பத்தொன்பது கிலோ. அடுத்த மாதம் பதினேழு. அப்புறம் பதினைந்து. நேற்று ஃபோனில் பன்னிரண்டு என்றார்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, என் மாத்திரையைத் தின்று ஒரு நாய் தேய்ந்துகொண்டிருந்தது.

விசித்திரம் என்னவென்றால், நாய்க்கு வலி போய்விட்டதாம். மாடிப்படி ஏறுகிறதாம். தட்டை நக்கித் துடைத்துவிட்டு இன்னும் கேட்கிறதாம்.

"எடை குறையக் குறைய, தூக்கறதுக்கு மட்டும் கனமாயிட்டே போகுதும்மா. என்ன கணக்குன்னே தெரியல" என்று சிரித்தார்.

இன்னொன்றும் உண்டு. கொஞ்ச நாளாக அது அவரை விட்டு நகர்வதில்லை. அவர் வயிற்றில் மூக்கை வைத்து முகர்ந்து முகர்ந்து முனகுகிறது. அவர் குளிக்கப் போனால் கதவைப் பிறாண்டுகிறது. பதற்றம் தணிய, மெல்லுகிற மாத்திரை கொடுத்தேன். அதை ரசித்துத் தின்றுவிட்டு மறுபடியும் போய் முனகியதாம். அதைவிட வலுவானது வேண்டும் என்றார். நாயைக் கண்ணால் பார்க்காமல் தர மாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதால் இன்று கூட்டி வந்திருக்கிறார்.

பார்த்தால் இளைத்த மாதிரியே இல்லை. அடர்ந்த முடி. உள்ளே என்ன இருக்கிறதோ, யார் கண்டது?

கடைசியில் பிஸ்கட்டைத் தராசின் நடுவில் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம். முதலாளி ஏறியது. சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

பத்தொன்பது.

தராசை அணைத்து மறுபடியும் போட்டேன். அதே பத்தொன்பது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. நாயை நினைத்து நினைத்து அவருக்கு மாதக்கணக்காகச் சோறே இறங்கவில்லையாம்.

"உங்க வீட்டு மிஷினைத் தூக்கிப் போடுங்க சார்" என்றேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. போன வாரம்தான் ஒரு பார்சலை அதில் நிறுத்து, அஞ்சலகத்திலும் நிறுத்துப் பார்த்தாராம். கொஞ்சமும் பிசகவில்லையாம்.

எனக்கு மண்டை குடைந்தது. அப்படியானால் நாயை எப்படி நிறுப்பீர்கள் என்று கேட்டேன்.

மனிதர்கள் நிற்கிற சின்ன மிஷின் அது. நாய்க்கு நாலு காலும் கொள்ளாது. அதனால் நாயைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறி நிற்பார். வருகிற எடையில் தன் எடையைக் கழிப்பார்.

"அறுபத்தெட்டு போக மிச்சம் நாய். கழித்தல்ல போய் நான் தப்பு பண்ணுவேனாம்மா?"

பண்ண மாட்டார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் காதைத் திருகிக் கழித்தல் சொல்லிக் கொடுத்தவர்.

"அறுபத்தெட்டுன்னு எப்ப பாத்தீங்க சார்?"

"ரிட்டயர் ஆன வருஷம்."

நான் கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டவள். எனக்கே விடை தெரிந்துவிட்டது. அவர் பெல்ட்டில் ஆணியால் புதிதாகக் குத்தியிருந்த இரண்டு ஓட்டைகள் அப்போதுதான் கண்ணில் பட்டன. மாதம் தவறாமல் பார்க்கிற மனிதர். நான் நாயைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாயை இறக்கிவிட்டு, அவரைக் கொஞ்சம் ஏறச் சொன்னேன்.

எதற்கென்று கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

அறுபத்தொன்று.

வாத்தியாரின் உதடு அசைந்தது. நாயிடமிருந்து காணாமல் போன ஏழு கிலோவை அங்கேயே கண்டுபிடித்துவிட்டார். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறையும் கழித்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

எதிரில் மனிதர்களுக்கான டாக்டர் ஒருவர் இருக்கிறார், இப்போதே போகலாம், நானும் வருகிறேன் என்றேன். தலையாட்டினார். ஆனால் தராசிலிருந்து இறங்கவில்லை. நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தொன்பது கிலோவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைன்னு கொஞ்சம் பெரிசா எழுதிக் கொடும்மா" என்றார். "வேற யாராவது கொடுக்கிற மாதிரி ஆனாலும், பாத்ததும் புரியணும்."